சமையலறையில் நின்றவன்

ட்வைலா அந்தச் சனிக்கிழமை காலையில் வீட்டைப் பூட்டிவிட்டு வண்டி வரை போனாள். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தாள். மறுபடி போனாள், மறுபடி வந்தாள். வண்டிக்குள் காத்திருந்த மார்லீன் கண்ணாடியை இறக்கினாள்.

"ஏய், அந்தப் பூட்டுக்கு மட்டும் வாய் இருந்தா இந்நேரம் கதறியிருக்கும். வந்து ஏறு."

"பின்கதவ ஒரு தடவ..."

"பின்கதவுல என் புருஷன் அடிச்சு வெச்ச பலகையப் பிரிக்கணும்னா புல்டோசர்தான் கொண்டு வரணும். ஏறுடி, முட்டை ஆறிப்போகுது."

ட்வைலா ஏறினாள். மடியில் இருந்த முட்டை சாண்ட்விச்சைப் பிரிக்காமலே உருட்டிக்கொண்டிருந்தாள். அமெரிக்காவில் மிசௌரியின் தென்கோடி மலைப்பக்கம் அது. சாலையின் இருபுறமும் ஓக் மரங்கள் இலை உதிர்த்துக்கொண்டிருந்தன. மான் வேட்டைக்காலம் தொடங்கிவிட்டதால் வழியெல்லாம் பிக்கப் வண்டிகள் ஓரங்கட்டி நின்றன.

இருவருக்கும் ஒரே கடையில் வேலை. ஊருக்கெல்லாம் மாட்டுத் தீவனமும் கோழித் தீவனமும் விற்கும் கடை. போன மாதம் ஒரு நாள் மதியம், மறந்து வைத்துவிட்ட மூக்குக்கண்ணாடியை எடுக்க ட்வைலா வீட்டுக்குப் போயிருந்தாள். பின்கதவு உதைபட்டுத் திறந்து கிடந்தது. தலையை மூடிய சட்டை போட்ட ஒருவன் சமையலறையில் இழுப்பறையைக் குடைந்துகொண்டிருந்தான். அவளைக் கண்டதும் பாய்ந்து ஓடினான். அவன் தோள் இடித்ததில் அவள் குளிர்சாதனப் பெட்டியின் மேல் போய் மோதினாள். கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆனால் மூடிய சட்டைக்குள் இருந்த முகத்தை அவள் பார்த்துவிட்டாள். அது அவள் தம்பி லோனியின் முகம்.

ஷெரீஃப் ஆபீஸிலிருந்து விசாரிக்க வந்த டெபுடி போலீஸ்காரன் சின்ன வயசுக்காரன். மரியாதையாகத்தான் கேட்டான்.

"முகத்தப் பாத்தீங்களா மேடம்?"

"இல்ல."

"உயரமா, குட்டையா?"

"கவனிக்கல."

அவன் போனபிறகுதான் படுக்கையறை அலமாரியின் மேல்தட்டைத் துழாவினாள். அப்பாவின் ரிவால்வரை வைத்திருந்த செருப்புப் பெட்டி காலியாகக் கிடந்தது. டெபுடியை அவள் திரும்பக் கூப்பிடவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, மார்லீனிடம்கூட.

அன்றிலிருந்து அவளுக்கு ஓரிடத்தில் உட்கார முடியாமல் போயிற்று. கழுவிய தட்டையே எடுத்துக் கழுவினாள். ஆட்டுத் தீவனம் கேட்டவரின் வண்டியில் கோழிக்குஞ்சுத் தீவனத்தை ஏற்றி அனுப்பினாள். கடைக்கு வந்தவர்கள் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஒருவர் நாய் வளர்க்கச் சொன்னார், இன்னொருவர் கேமரா வைக்கச் சொன்னார். மார்லீன் யோசனை சொல்வதோடு நிற்கிற ஆள் இல்லை. வீட்டுப் பாதுகாப்புக்குத் துப்பாக்கிப் பயிற்சி என்று தீவனக் கடைச் சுவரிலேயே ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டாள்.

லோனி முன்பு மர அறுவை ஆலையில் வேலை பார்த்தவன். ஒரு மரத்தடி உருண்டு முதுகில் விழுந்தது. டாக்டர் வலி மாத்திரை எழுதினார். டாக்டர் நிறுத்தியபிறகும் அவன் நிறுத்தவில்லை. பெண்டாட்டி போனாள், வேலை போனது. இப்போது நெடுஞ்சாலை ஓரம் மூடிக்கிடக்கும் டயர் கடைக்குப் பின்னால் ஒரு பழைய டிரெய்லர் வீட்டில் இருந்தான். வேலை முடிந்து வரும்போதெல்லாம் ட்வைலா அங்கே வண்டியை மெதுவாக்குவாள். ஜன்னலில் வெளிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பாள். இருந்தால் நிற்காமல் போய்விடுவாள். வெளிச்சம் இல்லாத நாட்களில் வீடு வந்து சேர்ந்தபிறகும் கோட்டைக் கழற்றாமல் அறைக்கு அறை நடந்துகொண்டிருப்பாள்.

பயிற்சி நடந்த இடம் பழைய கல்குவாரிக்கு அப்பால் இருந்தது. தகரக் கொட்டகை, மடக்கு நாற்காலிகள், ஒரு மூலையில் காபிப் பாத்திரம். சொல்லிக்கொடுக்க வந்தவள் ஜோடீன் என்ற பெண். பக்கத்து மாவட்டத்தில் டெபுடியாக இருந்து ஓய்வு பெற்றவள். நரைத்த ஒற்றைப் பின்னல். சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைக் காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டே பேசினாள்.

"சரி மக்களே, ஒவ்வொருத்தரும் ஏன் வந்தீங்கன்னு சொல்லுங்க. பெரிய கதையெல்லாம் வேண்டாம்."

முதலில் எழுந்தவன் டெக்ஸ்டர். உடம்பெல்லாம் பை வைத்த சட்டை, தொடையில் ஒரு துப்பாக்கி உறை, இடுப்பில் இன்னொன்று. "ஆர்மி ஸ்டோரையே மாட்டிக்கிட்டு வந்திருக்கான் பாரு," என்று மார்லீன் காதைக் கடித்தாள்.

"எவனா இருந்தாலும் சரி," என்றான் டெக்ஸ்டர். "என் வாசப்படில கால வெச்சான்னா பொணமாத்தான் போவான்."

"பீட்சா கொண்டு வர்றவனுமா?" என்றாள் ஜோடீன்.

கொட்டகை சிரித்தது. டெக்ஸ்டர் உட்கார்ந்தான். ட்வைலாவின் முறை வந்தது.

"வீட்டுக்குள்ள ஆள் பூந்துட்டான்."

"யாருன்னு தெரியுமா?"

"தெரியாது."

"வீட்ல துப்பாக்கி இருக்கா?"

"இருக்கு," என்றாள் ட்வைலா. நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. "எங்கப்பாவோட ரிவால்வர்."

"எங்க வெச்சிருக்கீங்க?"

"அலமாரில, மேல் தட்டுல."

"பூட்டி?"

"இல்ல. செருப்புப் பெட்டிக்குள்ள."

ஜோடீன் தோலைத் துப்பினாள். "அப்ப அது உங்க துப்பாக்கி இல்ல. யாரு முதல்ல எடுக்குறானோ அவனோடது."

அவள் எல்லோருக்கும் பொதுவாகத்தான் சொன்னாள். ட்வைலா எழுந்து காபி எடுக்கப் போனாள். ஏற்கெனவே கையில் நிறைந்த கோப்பை இருப்பதைப் பாத்திரத்தின் முன்னால் நின்றபிறகுதான் கண்டாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் ஜோடீன் பேசிக்கொண்டே போனாள். "நான் டெபுடியா இருந்தப்ப வேட்டுச் சத்தம் கேட்ட வீடுங்களுக்கெல்லாம் போயிருக்கேன். உள்ள போய் பாத்தா, கீழ கெடக்குறவன் முன்ன பின்ன தெரியாத திருடனா இருந்தது ரொம்பக் கொஞ்சம். புருஷன், பொண்டாட்டி, வெளிய போயிட்டுத் திருட்டுத்தனமா உள்ள வந்த பய. நெறய பேரு தங்களத் தாங்களே சுட்டுக்கிட்டவங்க. அதனால இங்க சுடுறத மட்டும் கத்துக்க வராதீங்க. எப்ப சுடக்கூடாதுன்னு கத்துக்கிட்டுப் போங்க."

தங்களைத் தாங்களே. ட்வைலா காபியைக் கீழே வைத்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

"மூத்திரம் வருதா?" என்று மார்லீன் கிசுகிசுத்தாள்.

"சும்மா இரு."

இத்தனை நாளும் அவள் பயந்தது எதற்கென்று அவளே தன்னிடம் ஒத்துக்கொண்டதில்லை. லோனி மறுபடி வருவான் என்றல்ல. அவன் வராமலே போய்விடுவானோ என்றுதான்.

காலை முழுவதும் ஜோடீன் வெற்றுத் துப்பாக்கிகளைக் கையில் கொடுத்துப் பழக்கினாள். குழல் எங்கே பார்க்க வேண்டும், விரல் எங்கே இருக்க வேண்டும், ரிவால்வரின் உருளையை எப்படித் திறப்பது, எப்படிக் கவிழ்ப்பது, காலியாகிவிட்டது என்று கண் சொன்னாலும் ஒவ்வொரு துளையிலும் விரலை வைத்து எப்படிப் பார்ப்பது. எல்லோருக்கும் அலுத்துப்போனது. ட்வைலாவுக்கு அலுக்கவில்லை. கைக்கு ஒரு வேலை கிடைத்ததில் அவள் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு தடவை திறந்து மூடினாள். பிறகு மண்மேட்டின் முன்னால் நின்று சுட்டபோதும் அவள் தோட்டாக்கள்தான் காகிதத்தின் நடுவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விழுந்தன. டெக்ஸ்டருடையவை காகிதத்தைச் சுற்றி விழுந்தன.

"கண்ணாடில சூரியன் அடிக்குது," என்றான் டெக்ஸ்டர்.

"மேகமா இருக்கு தம்பி," என்றாள் மார்லீன்.

சாப்பாட்டுக்குப் பிறகு கடைசிப் பயிற்சி. ஒட்டுப்பலகையால் கட்டிய ஒரு போலி வீடு. கூரை இல்லை. உள்ளே அறைகள், கதவுகள், ஆளுயர அட்டைகளில் மனிதப் படங்கள். சில படங்களின் கையில் துப்பாக்கி இருக்கும், சிலவற்றில் போன், டார்ச் லைட், பால் டப்பா. ஒவ்வொருவராகப் பெயிண்ட் குண்டு போட்ட துப்பாக்கியோடு உள்ளே போக வேண்டும். ஜோடீன் பின்னாலேயே வருவாள்.

டெக்ஸ்டர் முதல் ஆளாகப் போனான். பால் டப்பா வைத்திருந்த கிழவியைச் சுட்டுவிட்டு வந்தான். அதன்பிறகு அவன் யாரோடும் பேசவில்லை.

ட்வைலா உள்ளே போனாள். முதல் அறை காலி. இரண்டாவது கதவைக் காலால் மெல்லத் தள்ளினாள். சமையலறை மாதிரி ஒரு மேசை போட்டிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் தலையை மூடிய சட்டையோடு ஒருவன். கையில் ரிவால்வர். குழல் அவளை நேராகப் பார்த்தது.

சுட வேண்டிய படம் அதுதான். குழந்தைக்கும் தெரியும். ட்வைலா துப்பாக்கியைத் தூக்கினாள். விரல் விசைக்குப் போகவில்லை.

"எறக்குடா," என்றாள். "கெஞ்சிக் கேக்குறேன், அத எறக்கி வெய்யி லோனி."

சொன்னது காதில் விழுந்தபிறகுதான் தான் சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

பின்னாலிருந்து ஜோடீனின் கை வந்து துப்பாக்கியைப் பதமாக வாங்கிக்கொண்டது. ட்வைலாவை வெளியே கூட்டிவந்து தன் பிக்கப் வண்டியின் பின்பலகையில் உட்கார வைத்தாள். விதைப் பொட்டலத்தை நீட்டினாள். ட்வைலா வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"லோனி யாரு?"

"தம்பி."

"வீட்டுக்குள்ள பூந்தது அவனா?"

ட்வைலா தலையாட்டினாள்.

"அப்பா ரிவால்வர்?"

"அவன்கிட்டதான் இருக்கணும்."

ஜோடீன் விதைப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். "உங்களச் சுட்டுருவான்னு பயமா?"

"இல்ல."

"அப்ப அவனே..."

"அந்த வார்த்தயச் சொல்லாதீங்க."

"சொல்லலேன்னா இல்லேன்னு ஆயிருமா?" என்றாள் ஜோடீன். குரல் கடுமையாக இல்லை. "கேளுங்க. நான் இன்னும் பத்து வகுப்பு எடுத்தாலும் உங்களுக்கு வேண்டியத என்னால சொல்லித்தர முடியாது. டெபுடிக்கு போன் பண்ணுங்க. இப்பவே."

"போலீஸ் வண்டி போய் நின்னா பதறிப்போவான். முதல்ல நான் போறேன்."

"தனியாப் போகக்கூடாது."

"மார்லீன் இருக்கா."

ஜோடீன் யோசித்தாள். அவளுக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "உங்ககிட்டயிருந்து ஒரு மணி நேரத்துல போன் வரல, நானே டெபுடிக்கு அடிச்சிருவேன். துப்பாக்கி கண்ணுக்குத் தெரியற மாதிரி கையில வெச்சிருந்தான்னா உள்ள கால வெக்காம திரும்பிருங்க."

மார்லீன் தன் முறைக்காகக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு தயாராக நின்றிருந்தாள். ட்வைலா சொல்லச் சொல்ல ஒன்றும் கேட்காமல் "என்ன? என்ன?" என்றாள். பஞ்சை எடுத்தபிறகு வண்டியில்தான் முழுக்கதையும் கேட்டாள். கேட்டுமுடித்ததும் ஸ்டியரிங்கை ஓங்கி அடித்தாள்.

"என் புருஷன் ஒரு ஞாயித்துக்கெழம முழுக்க உக்காந்து பலக அடிச்சான்டி! முதுகு புடிச்சுக்கிச்சு அவனுக்கு. எல்லாம் லோனிக்காகவா? கேக்க நான் ஒருத்தி இருக்கேன்னு என்ட்ட ஒரு வார்த்த சொல்லத் தோணலயா உனக்கு?"

"சொன்னா ஊருக்கே தெரிஞ்சிரும்."

"ஆமா, நான் தண்டோராக்காரி," என்றாள் மார்லீன். வேகத்தைக் கூட்டினாள்.

டயர் கடையின் பின்னால் காட்டுக்கொடி டிரெய்லரின் சக்கரம் வரை ஏறியிருந்தது. மார்லீன் வண்டியிலேயே இருந்தாள், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. ட்வைலா தட்டினாள். உள்ளே ஏதோ உருண்டது. அந்தச் சத்தம் அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

லோனி கதவைத் திறந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஒரு கையில் கிண்ணம், அதில் பால் இல்லாத சோள அவல். இன்னொரு கை காலி.

"ட்வை," என்றான். அவள் தோளைப் பார்த்தான், முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்பாவோட ரிவால்வர் எங்கடா?"

"எந்த ரிவால்வர்?"

"லோனி."

"வித்துட்டேன்."

"பொய்."

அவன் உள்ளே திரும்பி நடந்தான். அவளும் பின்னால் போனாள். உட்கார இடமில்லாத அளவுக்குத் துணிகள் குவிந்து கிடந்தன. லோனி துணிகளின் மேலேயே உட்கார்ந்தான்.

"விக்கத்தான் எடுத்தேன்," என்றான். "அடகுக் கடை வாசல் வரைக்கும் போனேன். குடுக்க மனசு வரல. அப்பாவோடதாச்சே. சரி, இருக்கட்டும்னு கொண்டாந்துட்டேன்."

"எதுக்கு வெச்சிருக்க?"

அவன் அவலை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டான்.

"கேக்குறேன்ல."

"சில நாளு எடுத்து மடில வெச்சுக்குவேன்," என்றான். "கொஞ்ச நேரம். அப்புறம் உள்ள வெச்சிருவேன். அவ்வளவுதான் ட்வை. இதுவரைக்கும் அவ்வளவுதான்."

ட்வைலா கையை நீட்டினாள். "எங்க?"

அவன் தாடையால் காட்டினான். உட்காரும் பலகைக்கு அடியில், ஒரு துண்டுக்குள் சுற்றியிருந்தது. அவள் குழலை ஆளில்லாத சுவர்ப்பக்கம் திருப்பினாள். விரலை விசைக்கு வெளியே நீட்டி வைத்தாள். உருளையைத் திறந்து கவிழ்த்தாள். உள்ளங்கையில் விழுந்த தோட்டாக்களைக் கோட்டுப் பைக்குள் போட்டாள். ஒவ்வொரு துளையாக விரலை வைத்துப் பார்த்தாள்.

லோனி பார்த்துக்கொண்டே இருந்தான். "இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?"

"இன்னிக்குக் காலையில. வகுப்புக்குப் போயிருந்தேன், வீட்டுக்குள்ள வர்றவன எப்படிச் சுடுறதுன்னு."

"அப்ப என்னச் சுடத்தான்."

"உன் மாதிரியே ஒருத்தன நிக்க வெச்சிருந்தாங்க. சுட முடியல. பெயிலாயிட்டேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் முகம் கோணிப்போயிற்று. "அன்னிக்கு இடிச்சிட்டேன்ல. வலிக்குதா?"

"இன்னும் நீலம் போகல."

பிறகு ட்வைலா, இதைச் சொல்லாமல் போனால் இனி எப்போதும் சொல்லமாட்டோம் என்று தெரிந்து, சொன்னாள்.

"டெபுடியக் கூப்பிடப் போறேன். நீதான்னு சொல்லப் போறேன். துப்பாக்கியையும் சொல்லப் போறேன்."

லோனி எழுந்தான். கிண்ணம் சுவரில் போய் உடைந்தது. "நீயுமா? எல்லாரும் போனாங்க, நீயுமா என்னப் புடிச்சுக் குடுக்கப் போற?"

"ஆமாடா. நானும்தான்."

"வெளிய போ!"

அவள் போகவில்லை. போனை எடுத்தாள். சத்தம் கேட்டு மார்லீன் வாசலில் வந்து நின்றாள். காரைத் தூக்கும் ஜாக்கியின் கம்பி அவள் கையில் இருந்தது.

"டேய் லோனி, உக்காரு," என்றாள். "உன்னாலதான் என் புருஷன் நிமிர முடியாம நடக்குறான். உனக்கு முதுகுவலின்னா என்னன்னு தெரியுமில்ல? உக்காரு. நான் நிக்கிற இடத்துல எல்லாரும் ஒழுங்கா இருக்கணும்."

லோனி அவளையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தான். உட்கார்ந்தான். அதன்பிறகு டெபுடி வரும்வரை தலையைக் கைக்குள் புதைத்துக்கொண்டு அழுதான். ட்வைலா ஜோடீனுக்கும் ஒரு போன் செய்தாள். அப்புறம் துணிக்குவியலை ஒதுக்கிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் அவள் கையைத் தட்டிவிட்டான். இரண்டாவது தடவை தட்டிவிடவில்லை.

வந்தது அதே சின்ன வயசு டெபுடி. ட்வைலா முழுதும் சொன்னாள். "அன்னிக்கு முகத்தப் பாக்கலேன்னு சொன்னீங்களே மேடம்," என்றான்.

"பாத்தேன்."

அவன் மேலே ஒன்றும் கேட்காமல் லோனியைக் காருக்கு அழைத்துப் போனான். தலை இடிக்காமல் கையை வைத்து உட்கார வைத்தான். லோனி ட்வைலாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நீதிபதி அவனைச் சிறைக்கு அனுப்பவில்லை. ஸ்ப்ரிங்ஃபீல்டில் ஒரு சிகிச்சை இல்லத்தில் இருந்து முடிக்க வேண்டும், நடுவில் ஓடிவந்தால் சிறைதான் என்றார். ரிவால்வர் ஜோடீனின் இரும்புப் பெட்டிக்குப் போனது. எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் சொன்னாள். ட்வைலா போகவில்லை. வகுப்பை முடித்ததற்கான சான்றிதழும் அவளுக்குக் கிடைக்கவில்லை. மார்லீன் அடுத்த மாதம் திரும்பப் போய் முடித்துவிட்டு வந்தாள். போலி வீட்டில் போன் வைத்திருந்தவனைச் சுட்டுவிட்டாளாம். "அவன் மூஞ்சியே சரியில்ல," என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

லோனி பேசவில்லை. சிகிச்சை இல்லத்துக்கு ட்வைலா போன் செய்தபோதெல்லாம், அவர் வரமாட்டேன் என்கிறார் என்று யாரோ சொன்னார்கள். அவன் அங்கேதான் இருக்கிறான் என்று தெரிந்துகொள்ள அது போதுமாக இருந்தது. ஆனாலும் அவள் உட்காரவில்லை. கடையில் மூட்டைகளை இறக்கி மறுபடி அடுக்கினாள். பின்கதவின் பலகையை ஆளை வைத்துப் பிரித்துப் புதுக்கதவு போட்டாள். போட்ட கதவுக்கு இரண்டு தடவை வர்ணம் அடித்தாள்.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது ஒரு நாள் மதியம், கடையில் ஒருவருக்கு மாடு நக்கும் உப்புக்கட்டி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தெரியாத எண்.

"நான்தான்," என்றான் லோனி. பின்னால் யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம்.

ட்வைலா உப்புக்கட்டியைக் கீழே வைத்தாள். "சொல்லு."

"இங்க தரையெல்லாம் ஜில்லுன்னு இருக்கு. ராவுல கால் வெறச்சுப்போகுது."

"ம்."

"தடிச்ச சாக்ஸ் இருந்தா கொண்டாந்து குடேன். கம்பளியில. ஞாயித்துக்கெழம பாக்க விடுறாங்க."

"எத்தன ஜோடி?"

"நாலு," என்றான். கொஞ்சம் நிறுத்தி, "கறுப்பு வேண்டாம். இங்க எல்லாரும் கறுப்புதான் போடுறாங்க, மாறிப்போகுது," என்றான்.

அவள் சரி என்றாள். அவன் வைத்துவிட்டான். உப்புக்கட்டிக்குக் காத்திருந்தவர் தொண்டையைச் செருமினார். மார்லீன் அந்தப்பக்கம் வந்து கட்டியைத் தூக்கி அவர் வண்டியில் போட்டாள்.

"யாருடி?"

"லோனி. சாக்ஸ் வேணுமாம்."

"ஞாயித்துக்கெழம நான் வண்டி ஓட்டுறேன்," என்றாள் மார்லீன். "நீ ஓட்டுனா வழி பூரா பூட்டப் பாக்கத் திரும்பி வருவ."